காடிக்குள் உப்பு

(இருசக்கர வாகனப் பட்டறைக்காரர்களும் பழைய வண்டி வைத்திருப்பவர்களும் செங்கல்பட்டில் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலில் இந்த மேசையைப் பாருங்கள். இரண்டு கண்ணாடிக் குடுவைகள் இருக்கின்றன. ஒன்றில் டீசல். இன்னொன்றில் புதிதாகத் திறந்த டாட் 4 பிரேக் ஆயில். நேற்று இரவு ஒன்பது மணிக்கு இரண்டிலும் இரண்டிரண்டு ரப்பர்த் துண்டுகளைப் போட்டு வைத்தேன். நான்கும் கறுப்பு ரப்பர். ஒவ்வொரு குடுவையிலும் ஒரு துண்டில் வெள்ளை நூல் கட்டியிருக்கிறது, மற்றதில் சிவப்பு நூல். போடும் முன் வெர்னியரில் அளந்தேன். நான்கும் 3 மில்லிமீட்டர் கனம். நூலை அவிழ்த்துவிட்டுக் கையில் கொடுத்தால் எது எது என்று எனக்கே சொல்லத் தெரியாது. கூட்டம் முடிவதற்குள் வெளியே எடுத்து மறுபடி அளப்போம்.

முப்பது ஆண்டுக்கு மேல் லேத்தில் நின்றிருக்கிறேன். சில ஆண்டுகளாக என் பட்டறைக்கு வருவதில் பெரும்பகுதி பழைய டிஸ்க் பிரேக் காலிப்பர்கள்தான். கோவளம், திருப்போரூர், மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் என்று கடலோரத்திலிருந்தே அதிகம் வருகின்றன. வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, இந்த வண்டிக்குக் கிட் கிடைக்குமா?" வண்டியின் பெயரைச் சொல்வார்கள், வருஷத்தைச் சொல்வார்கள். நான் காலிப்பரைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்வேன். பாதிப் பேருக்கு அதில் வருத்தம். பெயரைச் சொன்னால் சீல் கிட் டப்பாவை எடுத்து நீட்டுகிற கடையைத் தேடி வந்தவர்கள் அவர்கள். ஏன் அப்படி நீட்ட முடியாது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

நம் ஊரில் மோட்டார் சைக்கிள் காலிப்பருக்கு வயது குறைவு. திருவொற்றியூரில் 1950-களின் நடுவிலிருந்து புல்லட் செய்தார்கள். அது பல பத்தாண்டுகள் டிரம் பிரேக்கோடுதான் ஓடியது. மைசூர் ஜாவாவும் யெஸ்டியும் டிரம். யமஹா ஆர்டி350-க்கு ஜப்பானில் முன்சக்கரத்தில் டிஸ்க் இருந்தது. அதே வண்டியை 1983-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ராஜ்தூத் 350 என்று இங்கே கொண்டுவந்தபோது டிரம்மாகிவிட்டது. அந்த வேகத்துக்கு அந்த பிரேக் போதாது என்று ஓட்டியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். இன்று ஆர்டி வைத்திருப்பவர்களில் பலர் வேறு வண்டியின் போர்க்கும் டிஸ்க்கும் வாங்கி மாட்டியிருப்பது அதனால்தான். 1999-ல் ஹீரோ ஹோண்டா சிபிஸீ, 2001-ல் பஜாஜ் பல்சர் வந்த பிறகுதான் நம் தெருப் பட்டறைகளுக்குள் காலிப்பர் அன்றாடம் வந்து சேர்ந்தது. அந்த முதல் சிபிஸீக்கு இப்போது கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. வைத்திருப்பவர்கள் அதைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள்.

வெளியுலகத்தில் இது பழைய கதை. டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் காப்புரிமை வாங்கியது 1902-ல். 1953-ல் லெ மான் பந்தயத்தை ஜாகுவார் டிஸ்க் பிரேக்கோடு வென்றது. 1969-ல் ஹோண்டா சிபி750 முன்சக்கரத்தில் ஹைட்ராலிக் டிஸ்க்கோடு வந்ததும், மோட்டார் சைக்கிளுக்கும் அது பொதுச்சொத்தானது. 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் என்று 'விஏ' எழுத்தோடு பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அந்தக் கணக்குப்படி, முதல் தலைமுறை டிஸ்க் பிரேக் வண்டிகள் இப்போது விண்டேஜ் வரிசைக்குள் நுழைந்துகொண்டிருக்கின்றன. விண்டேஜ் என்றால் டிரம் பிரேக் என்று இருந்த காலம் போய்விட்டது.

சரி, காலிப்பருக்குள் போவோம்.

லீவரை அழுத்துகிறோம். மாஸ்டர் சிலிண்டரின் சின்னப் பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. காலிப்பரில் இருக்கும் பெரிய பிஸ்டன் பேடை டிஸ்க் மேல் அழுத்துகிறது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். லீவரை விட்டதும் அந்தப் பிஸ்டனைத் திரும்ப இழுப்பது எது? டிரம் பிரேக்கில் ஸ்பிரிங் இருக்கிறது. காலிப்பரைப் பிரித்துப் பாருங்கள், ஸ்பிரிங்கே கிடையாது. இழுப்பது அந்த ரப்பர் சீல்தான்.

இதைச் சொன்னால் பத்து வருஷம் காலிப்பர் பிரித்த தம்பிகள்கூட என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். சீலின் குறுக்குவெட்டு சதுரமாக இருக்கும். காலிப்பர் உடலுக்குள் வெட்டிய ஒரு காடியில் அது உட்கார்ந்திருக்கும். உள்விளிம்பு பிஸ்டனை இறுகப் பிடித்திருக்கும். பிஸ்டன் முன்னே போகும்போது சீல் வழுக்குவதில்லை. பிடித்த பிடியோடு அதுவும் முன்பக்கம் சாய்ந்து முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் போனதும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். திரும்பும்போது பிஸ்டனையும் கூட்டிக்கொண்டு போகும். எவ்வளவு தூரம்? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடக்குறைய. அந்த இடைவெளி போதும், டிஸ்க் தடையில்லாமல் சுற்றும். பேட் தேய்ந்து பிஸ்டன் இன்னும் தள்ளிப் போக வேண்டி வந்தால் அப்போதுதான் சீலின் பிடியில் வழுக்கிக் கொஞ்சம் முன்னே நகர்ந்து உட்காரும். தேய்மானத்துக்கு அட்ஜஸ்ட்மென்ட் தனியாக வேண்டாம். ஒரு ரப்பர் வளையம் ஆயிலைத் தடுக்கிறது, ஸ்பிரிங் வேலை செய்கிறது, அட்ஜஸ்டர் வேலையும் செய்கிறது. இதை முதலில் யோசித்தவரை நினைத்தால் எனக்கு இன்றும் கைகூப்பத் தோன்றும்.

இந்த மூன்று வேலையும் நடக்க, காடியின் அகலம், ஆழம், முன்விளிம்பில் போட்டிருக்கும் சாய்வு, சீலின் கனம், ரப்பரின் இறுக்கம், பிஸ்டனின் வழவழப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். சீல் கிடைக்கவில்லை என்று அதே விட்டத்தில் உருண்டையான ஓ-ரிங் போடுகிறவர்கள் உண்டு. ஆயில் ஒழுகாது. வண்டியும் நிற்கும். ஆனால் உருண்டை வளையம் காடிக்குள் உருளும். சதுரம் மாதிரி சாய்ந்து நிமிராது. பிஸ்டன் ஒழுங்காகத் திரும்பாது. பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது, நம் கடலோரத்துக்கே உரிய வியாதி.

அலுமினியக் காலிப்பரின் காடியில் சீலுக்குப் பின்னால் ஈரமும் உப்பும் போய்ச் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பூப்புக்கு, அது தின்ற உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். பின்பக்கம் வழியில்லை, அதனால் சீலை உள்பக்கம் தள்ளும். சீல் பிஸ்டனை நெரிக்கும். வண்டிக்காரர் வந்து, "காலிப்பர் புடிச்சிக்கிச்சு" என்பார். மெக்கானிக் பழைய சீலை எடுத்துவிட்டுப் புதுக் கிட் போடுவார். கம்பெனி கிட்டாகவே இருக்கட்டும், அளவு துல்லியமாகவே இருக்கட்டும். மறுபடியும் பிடிக்கும். கிட் டூப்ளிகேட் என்று கடைக்காரரோடு சண்டை நடக்கும். குற்றம் காடியில் இருக்கிறது. பாத்திரத்துக்கு அடியில் கல் கிடக்கும்போது மூடியை எத்தனை முறை மாற்றினாலும் பாத்திரம் ஆடத்தான் செய்யும்.

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோவிலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. கடல் பக்கச் சிற்பங்களைக் கவனியுங்கள், மூக்கும் முழியும் கரைந்து கிடக்கின்றன. உப்புக் காற்று கல்லின் நுண்துளைக்குள் போகிறது, காய்கிறது, படிகமாகிறது, படிகம் பருக்கும்போது கல்லை உள்ளிருந்து பெயர்க்கிறது. தொல்லியல் துறையினர் அதற்குச் செய்கிற வைத்தியம் ஒன்றுண்டு. காகிதக் கூழைத் தண்ணீரில் ஊறவைத்துக் கல்லின் மேல் அப்புகிறார்கள். கூழ் காயக் காய, கல்லுக்குள் இருக்கும் உப்பை வெளியே உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு உரித்து எடுத்துவிடுகிறார்கள். சுரண்டுவதில்லை. சுரண்டினால் உப்போடு சிற்பமும் போய்விடும். கடலுக்கும் கோவிலுக்கும் நடுவே பாறைகளைக் கொட்டித் தடுப்பும் அமைத்தார்கள், சவுக்குத் தோப்பும் வளர்த்தார்கள்.

கருங்கல்லையே தின்கிற காற்று அது. கட்டைவிரல் கனத்து அலுமினியம் அதற்கு எம்மாத்திரம்? முட்டுக்காடு பாலம் தாண்டிவிட்டால் இந்தக் காற்றிலிருந்து எந்த வண்டியும் தப்பாது. கேளம்பாக்கம், செய்யூர்ப் பக்கம் உப்பளமே இருக்கிறது. இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். மீன் பெட்டி கட்டி விற்பனைக்குப் போகிற வண்டிகளில் ஐஸ் உருகி, மீன் தண்ணீரும் உப்புமாகப் பின்சக்கரத்தின் மேல் ஒழுகிக்கொண்டே போகும். பின்பக்க டிஸ்க் உள்ள வண்டியாக இருந்தால் அந்தக் காலிப்பரின் ஆயுள் மிகக் குறைவு. அந்த அண்ணன்மார்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டுக்குப் போனதும் ஒரு வாளி நல்ல தண்ணீரைப் பின்சக்கரத்தில் ஊற்றுங்கள். காகிதக் கூழ் செய்கிற வேலையில் கால்வாசியை அந்த வாளி செய்யும்.

காடியைச் சுத்தம் செய்வது பொறுமைக்கு வைக்கிற பரீட்சை. ஸ்குரூ டிரைவர் முனையால் நோண்டாதீர்கள். பல் மருத்துவர் பயன்படுத்துகிற வளைந்த ஊசிக் கருவி பழசாகக் கிடைத்தால் அதுதான் உத்தமம். இல்லையென்றால் பித்தளைக் கம்பியை வளைத்துத் தட்டி முனை செய்துகொள்ளுங்கள். வெள்ளைப் பூப்பு மட்டும் போக வேண்டும், உலோகம் போகக்கூடாது. எமரி பேப்பரைக் காடிக்குள் விட்டால் காடி அகலமாகிவிடும். காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது அலுமினியத்தையே கரைக்கும். நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி வைத்து, காடியின் அடித்தளம் முழுக்கப் பளிச்சென்று தெரியும் வரை செய்யுங்கள். ஒரு காலிப்பருக்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆகும். இதற்குக் கூலி கேட்டால் தர யோசிக்கிறார்கள். புதுக் கிட்டுக்குக் காசு தரத் தயங்காதவர்கள், பழைய காடிக்குத் தர மறுக்கிறார்கள்.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலிப்பரின் துளைச் சுவரில் சின்னச் சின்னப் புள்ளி அரிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். சீல் காடிக்குள் நிலையாக உட்கார்ந்து பிஸ்டனைப் பிடிக்கிறது. துளைச் சுவரில் ஆயிலைத் தடுக்கிற வேலை இல்லை. காடித் தளமும் பிஸ்டனின் மேல்பரப்பும்தான் உயிர். மாஸ்டர் சிலிண்டரில் இது தலைகீழ். அங்கே ரப்பர் பிஸ்டனோடு சேர்ந்து சுவரைத் தேய்த்துக்கொண்டு ஓடும், சுவரில் ஒரு புள்ளி இருந்தாலும் ஒழுகும். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல காலிப்பரைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு, கெட்ட மாஸ்டர் சிலிண்டருக்குக் கிட் போட்டு மாட்டியவர்களும் உண்டு.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். சீலுக்கு அளவுப் பொருத்தம் ஒன்று மட்டும் பார்த்து நான் முடித்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

பதினைந்து ஆண்டுக்கு முன்பு. சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒருவர், எழுபதுகளில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வண்டியின் முன் காலிப்பரைக் கொண்டுவந்தார். பிஸ்டன் நன்றாக இருந்தது. காடியைச் சுத்தம் செய்தேன். சீல்தான் எங்கும் கிடைக்கவில்லை. ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு சீல் விற்கிற ஒரு கடையில் அதே விட்டத்தில், அதே சதுர வெட்டில் ஒன்று கிடைத்தது. மைக்ரோமீட்டரில் அளந்தேன், அச்சு அசலாக இருந்தது. போட்டேன். பிரேக் அருமையாகப் பிடித்தது. பதினாறாம் நாள் அவர் தன் மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தபோது, பூஞ்சேரிக்கு முன்னால் வண்டி தானாக இழுபட ஆரம்பித்தது. கருகல் வாடை. டிஸ்க் நீலம் பாய்ந்துவிட்டது. ஓரங்கட்டி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பிளீடர் நிப்பிளைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, மெதுவாக ஓட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை. காலிப்பரை மேசையில் வைத்துவிட்டு, "பாப்பா இருந்துச்சுங்க" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது. அன்றைக்குப் பிறகு அளவு மட்டும் பார்த்து ஒரு ரப்பரைக்கூட நான் மாட்டியதில்லை.

நடந்தது இதுதான். அந்த சீல் நைட்ரைல் ரப்பர். இஞ்சின் ஆயில், டீசல், ஹைட்ராலிக் ஆயில் எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் நம் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் பெட்ரோலியத்தில் செய்ததல்ல, கிளைக்கால் வகை. அதில் நைட்ரைல் மெதுவாக ஊறும், மெத்தென்றாகும், சூட்டில் இன்னும் வேகமாக ஊறும். பிரேக்குக்கு வேண்டியது ஈபிடிஎம் என்கிற ரப்பர். ஈபிடிஎம்மின் குணம் இதற்கு நேர் எதிர். பிரேக் ஆயிலில் அசையாது. டீசலோ பெட்ரோலோ கிரீஸோ பட்டால் பூரி மாதிரி உப்பும். அதனால்தான் பிரேக் பாகங்களைப் பெட்ரோலில் கழுவாதீர்கள் என்று சொல்வது. இங்கே இருக்கும் பட்டறைத் தம்பிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: உலோகத்தைப் பெட்ரோலில் கழுவினால்கூட, நன்றாகக் காய்ந்து, பிறகு ஸ்பிரிட்டில் துடைத்து, அதன் பிறகே ரப்பரைக் கிட்டே கொண்டுவாருங்கள். ரப்பர் மாட்டும்போது சாதா கிரீஸ் தொடாதீர்கள். பிரேக்குக்கென்று விற்கிற ரப்பர் கிரீஸ் அல்லது அதே பிரேக் ஆயில். ஆரம்ப காலத்தில் பிரேக் ஆயிலே ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான். நம் விளக்கெண்ணெய் ரப்பரைக் கெடுக்காது என்பதை அன்றைக்கே கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்காக இன்று விளக்கெண்ணெயை ஊற்றிவிடாதீர்கள், சூட்டைத் தாங்காது.

பிரித்தே பார்க்காத பழைய பாக்கெட் கிடைத்தது என்று சந்தோஷமாக வருவார்கள். இரும்புச் சாமானாக இருந்தால் நானும் சந்தோஷப்படுவேன். ரப்பர் பாக்கெட்டுக்குள்ளேயே மூப்படைகிறது. நாற்பது வருஷம் கடை அலமாரியில் இருந்த சீல், நம் ஊர் வெயிலில், ஒருநாளும் வேலை செய்யாமலே கிழடாகியிருக்கும். மடக்கிப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு ஒன்று தெரிந்தாலும் அது கண்ணாடி அலமாரிக்கு, காலிப்பருக்கு அல்ல.

இனி பிஸ்டன். பழைய காலிப்பர்களில் பலவற்றுக்கு இரும்புப் பிஸ்டனின் மேல் கடினக் குரோம் முலாம். வெளிப்பக்கம் தூசியைத் தடுக்கிற டஸ்ட் சீல் கிழிந்து ஈரம் போனால், குரோமுக்கு அடியில் துரு புகுந்து முலாமைக் கொப்புளமாக எழுப்பும். அந்தக் கொப்புளத்தின் விளிம்பு சீலை ரம்பம் போல அறுக்கும். எமரி போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுவது வீண் வேலை. குரோம் போன இடத்தில் துரு ஒரு மழைக்காலத்துக்குள் திரும்பி வரும். இங்கிலாந்து வண்டிகளை மீட்டெடுப்பவர்கள் பல ஆண்டுகளாகத் துருப்பிடிக்காத எஃகில் பிஸ்டன் கடைந்து போடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்கிறேன்.

எந்த உலோகத்தில் கடைவது என்பதில் கொஞ்சம் கணக்கு வேண்டும். 38 மில்லிமீட்டர் பிஸ்டன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். துளைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே விட்டத்தில் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வைப்போம். மலை இறங்கினால் காலிப்பர் சூடாகும். 100 டிகிரி ஏறியது என்று கொள்வோம். வார்ப்பிரும்பு உடலாக இருந்தால் துளை 0.04 விரியும். அதே சூட்டில் அலுமினியப் பிஸ்டன் 0.09 விரியும். 0.05 இடைவெளி மொத்தமும் போயிற்று, பிஸ்டன் இறுகிவிடும். எடை குறையும் என்று இரும்புக் காலிப்பருக்கு அலுமினியப் பிஸ்டன் கேட்டு வருபவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். அதே இடத்தில் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு 0.065 விரியும். இடைவெளியில் பாதி மிஞ்சும், பிழைத்துக்கொள்ளும். உடல் அலுமினியம், பிஸ்டன் எஃகு என்றால் சூட்டில் இடைவெளி கூடும், இறுகாது. ஆனால் அங்கே வேறொரு சிக்கல். அலுமினியத்தையும் துருப்பிடிக்காத எஃகையும் பக்கத்தில் வைத்து உப்புத் தண்ணீரை ஊற்றினால் அது ஒரு பேட்டரி. கரைவது அலுமினியம்தான். எனவே நம் கடலோரத்தில் எஃகுப் பிஸ்டன் போட்டால் டஸ்ட் சீல் முழுசாக இருக்க வேண்டும், உள்ளே கொஞ்சம் ரப்பர் கிரீஸ் இருக்க வேண்டும், வருஷம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

கடைந்ததும் மேல்பரப்பை மெருகேற்றாமல் விடாதீர்கள். டூல் ஓடிய கோடு கண்ணுக்குத் தெரிந்தால் அது சீலுக்கு அரம். முன்முனையின் சாய்வைச் சரியாக விடுங்கள், இல்லையென்றால் மாட்டும்போதே புதுச் சீல் வெட்டுப்படும். மேல்பரப்பு பார்க்கிற இந்தப் பொறுமை லேத்துக்காரனுக்கு மட்டும் உரியதல்ல. மாமல்லபுரத்தில் கல்தச்சர்கள் மட்டப்பலகையில் செங்காவி தடவிக் கல்லின் மேல் வைத்து எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். காவி ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் கொத்துவார்கள். மறுபடி பலகை, மறுபடி காவி. நாங்கள் நீல மையில் செய்வதை அவர்கள் காவியில் செய்கிறார்கள். அந்தப் பலகைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் சொந்த ஊருக்கு வந்தது மாதிரி இருக்கும் எனக்கு.

எங்கே தேடுவது? இதற்குத்தான் பலர் வந்திருப்பீர்கள்.

வண்டியின் பெயரை மறந்துவிடுங்கள். வண்டி செய்கிறவர்கள் பெரும்பாலும் காலிப்பர் செய்வதில்லை. பிரேக் செய்கிற கம்பெனி ஒரு குடும்பமாகக் காலிப்பர்களைச் செய்து பல வண்டிகளுக்குக் கொடுக்கும். 1962-ல் டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் கெர்லிங்கும் சேர்ந்து பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா இதற்கு நம் வீட்டு உதாரணம். ஒரே கூரையிலிருந்து எத்தனையோ வண்டிகளுக்கு பிரேக் போனது. ஆகவே காலிப்பரின் உடலில் வார்த்திருக்கும் குறியைப் படியுங்கள். பிறகு ஐந்து அளவு எடுத்து ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: பிஸ்டன் விட்டம், பிஸ்டன் நீளம், காடியின் உள்விட்டம், காடி அகலம், டஸ்ட் சீல் உட்காரும் இடத்தின் அளவு. பழைய சீலை அளந்து அதன்படி தேடாதீர்கள். ஊறிய சீல் பொய் சொல்லும். காடி பொய் சொல்லாது. அந்தக் காகிதத்தோடு போனால் உங்கள் வண்டிக்குக் கிடைக்காத சீல் இன்னொரு வண்டியின் கிட்டுக்குள் இருப்பது தெரியவரும்.

ஜி.பி. ரோட்டில் புதுச் சாமான் கடைகள். பாரிமுனைத் தெருக்களில் சீலும் பேரிங்கும். புதுப்பேட்டையில் கழற்றிய பழைய சாமான். புதுப்பேட்டையில் நான் ரப்பர் வாங்க மாட்டேன். காலிப்பர் உடல், பிராக்கெட், பின், பேட் தகடு இவற்றுக்குத்தான் அங்கே போவேன். போகும்போது வெர்னியர் பையில் இருக்கும். முன்பெல்லாம் கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். இப்போது வெர்னியரோடு வருகிற ஆளைக் கண்டால் நல்லதை உள்ளேயிருந்து எடுத்துத் தருகிறார்கள்.

மரையிலும் ஏமாறாதீர்கள். ஆயில் குழாயைக் காலிப்பரோடு இணைக்கிற பான்ஜோ போல்ட் ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் 10 மில்லிமீட்டரில் 1.25 மரை. இத்தாலி வழியில் வந்தவற்றில் 1.0 மரை. பழைய இங்கிலாந்து வண்டிகளில் முக்கால் அரைக்கால் என்று அங்குலக் கணக்கு; 3/8 அங்குல போல்ட்டின் விட்டம் 9.525 மில்லிமீட்டர்தான். அதன் மரையும் 1.0-வை ஒட்டியே இருப்பதால், 10 மில்லிமீட்டர் துளைக்குள் அது வழவழவென்று ஏறும். ஏறிவிட்டதே என்று முறுக்கினால் பிடித்தது மாதிரியும் இருக்கும். பிரேக்கை வேகமாக அழுத்துகிற நாளில் பிடுங்கிக்கொண்டு வரும். கையால் மாட்டும்போது ஆட்டம் தெரிந்தால் நிறுத்துங்கள். செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். கிடைக்கவே இல்லையென்றால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும்.

மாஸ்டர் சிலிண்டர் மாற்றுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய நார்ட்டன் கமாண்டோவில் 5/8 அங்குலம், அதாவது 15.875 மில்லிமீட்டர் மாஸ்டர் சிலிண்டர். லீவர் கட்டை மாதிரி இருக்கும், பிரேக் பிடிக்காது. அதற்குள் குழாய் செருகி 13 மில்லிமீட்டராகக் குறைக்கிறார்கள். பரப்பளவு விகிதம் பார்த்தால் அதே கைவலுவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அழுத்தம். லீவரும் ஒன்றரை மடங்கு தூரம் போகும். இருக்கிறதிலேயே பெரிய சிலிண்டரை வாங்கி மாட்டினால் பிரேக் பலமாகும் என்று நம்புகிறவர்கள், ஆர்டியில் டிஸ்க் மாட்டும்போது செய்கிற தவறு இதுதான். பெரியதை மாட்டினால் லீவர் கெட்டியாகும், வண்டி நிற்காது.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. இறுகிய பிஸ்டனைக் கம்ப்ரஸர் காற்று விட்டு எடுக்காதீர்கள். குண்டு மாதிரி பாயும், விரல் போகும். காலிப்பரை வண்டியிலிருந்து இறக்கும் முன்பே லீவரை அழுத்தி அழுத்திப் பிஸ்டனை வெளியே கொண்டுவந்துவிடுங்கள். அந்த வேலைக்கு பிரேக்கைவிட நல்ல கருவி இல்லை.

டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, நூற்றில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் சேர்ந்துவிட்டால், கொதிநிலைக்கு அந்தத் தரம் தருகிற உத்தரவாதம் 155-க்கு இறங்கிவிடும். உள்ளே சேர்ந்த அந்தத் தண்ணீர்தான் காடியையும் பிஸ்டனையும் ஆயில் பக்கத்திலிருந்து அரிக்கிறது. நம் கடலோர ஈரத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் பழைய ஆயிலில் ஓட்டாதீர்கள். திறந்து வைத்த டப்பாவை அடுத்த வண்டிக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

மணியாகிவிட்டது. குடுவைக்கு வருவோம். தம்பி, அந்த இடுக்கியைக் கொடு. முன்வரிசையில் இருப்பவர்கள் ஒருவர் வந்து வெர்னியரைப் பிடியுங்கள், நான் சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலில் டீசல். சிவப்பு நூல், நைட்ரைல்: 3.05. ஏறக்குறைய போட்டபடியே இருக்கிறது. வெள்ளை நூல், ஈபிடிஎம்: 3.7. விரலால் நசுக்கிப் பாருங்கள், பஞ்சு மாதிரி இருக்கிறது.

இப்போது பிரேக் ஆயில். வெள்ளை நூல்: 3.0. நேற்று இரவு அளந்த அதே அளவு. சிவப்பு நூல்: 3.15. ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை, அதுவும் அறைச் சூட்டில். காடிக்குள் மாட்டியிருந்தால் இந்த 0.15-க்கு வெளியே போக இடம் கிடையாது.

கடையில் சீல் வாங்கும்போது கூடுதலாக ஒன்று வாங்குங்கள். அதை வெட்டி ஒரு துண்டை டீசலில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் உப்பியிருந்தால் மற்றதைக் காலிப்பரில் மாட்டலாம். இந்த நான்கு துண்டுகளையும் தட்டில் வைத்து அனுப்புகிறேன். எல்லோரும் தொட்டுப் பாருங்கள், பிறகு கையைக் கழுவிவிடுங்கள். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும், வெளியே நிற்கிற உங்கள் வண்டியின் டாங்கியில் கை வைத்துவிடாதீர்கள்.